இளவரசர் பெரிலுக்குக் குனிந்த கதை

இளவரசர் லயனல் தன் வாழ்க்கையை எழுதி வெளியிட்டது ஒரு வியாழக்கிழமை. அடுத்த செவ்வாய்க்கிழமையே அதன் முதல் பிரதி, ஜனங்கள் கொடுக்கும் பழைய சாமான்களை விற்று நற்காரியத்துக்குப் பணம் சேர்க்கும் எங்கள் ஸ்கெல்தோர்ப் ஊரின் தர்மக் கடைக்கு வந்து சேர்ந்தது. யாரோ ஒரு புண்ணியவான் ஒரு பை நிறையப் பழைய ஸ்வெட்டர்களை அடைத்து, அடியில் திருட்டுப் பொருளை ஒளிப்பதுபோல் அதை ஒளித்து, கடை திறக்குமுன் வாசலில் போட்டுவிட்டு ஓடியிருந்தார். கடையில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் பெரில் ஓட்லிங் அதை இரண்டு விரலால் பிடித்து வெளியே எடுத்தாள். செத்த எலியைத் தூக்கிப்போடும்போதுகூட அவள் முகம் அப்படிச் சுளித்ததில்லை.

"நானூத்திப் பன்னெண்டு பக்கம்," என்றாள் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்து. "அரண்மனையில பொறந்தவன் அழுறதுக்கு இவ்வளவு எடம் வேணுமா டக்கு? எங்கப்பா மீன் வெட்டுற மெஷின்ல ரெண்டு விரலை விட்டப்ப ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாரு. அதையும் கடையில வெச்சுச் சொல்ல முடியாது."

கல்லாவில் நின்ற கிளெனிஸ் டாஸ்கர் குலுங்கிச் சிரித்தாள். "எந்தத் தட்டுல வைக்கட்டும்?"

"கதைப் புத்தகத் தட்டுலதான். வேற எங்க?"

டக் என்றால் வாத்து. எங்கள் பக்கத்தில் கடைக்காரர், பால்காரர், மகள், மருமகன், பெயர் தெரியாத ஆள் எல்லோருமே டக்தான். கண்ணு, ராசா என்பதுபோல நாக்கில் தானாக வந்து விழும் சொல். அதில் பாசம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வண்டியை வழியில் நிறுத்தியவனைத் திட்டும்போதும் கடைசியில் ஒரு டக் சேர்ந்துகொள்ளும்.

'கதைப் புத்தகத் தட்டு' என்ற அந்த வேடிக்கை ஊருக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைத்தது போலாயிற்று. அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் கடைக்கு வந்தார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் முதலில் சொன்ன வாக்கியம் ஒன்றேதான்: "நான் படிக்கலை, ஆனா..." அந்த 'ஆனா'வுக்குப் பிறகு இளவரசர் குதிரைக் கொட்டிலில் அழுதது, மாமாவின் மனைவியோடு ரொட்டிக்காகச் சண்டை போட்டது, முன்பல் நான்கையும் புதிதாகக் கட்டிக்கொண்டது எல்லாம் பக்க எண்ணோடு வரும். ஒரு புத்தகத்தைப் படிக்காமலே இவ்வளவு மனப்பாடம் செய்த ஜனங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கசாப்புக் கடை மவுல்சன் அதைத் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அவர் கடையிலிருந்து வந்த பிரதியில் எழுபதாம் பக்கத்தில் பன்றி நெய்க் கறை இருந்தது.

மூன்று வாரத்தில் கதைத் தட்டில் ஒன்பது லயனல்கள் வரிசையாக நின்று, சட்டையின் மேல் பொத்தான் போடாமல், பெரிலைப் பார்த்து ஏக்கமாகச் சிரித்தார்கள். அவள் ஒன்பதையும் தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்திருந்தால் அது வெறும் நக்கல். பெரில் செய்ததற்குக் காரணம் இருந்தது. அந்த லயனல், பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், இந்த ஊரில், அவள் முன்னால் தலை குனிந்தவர். அவளுடைய எழுபத்தொரு வருட வாழ்க்கையில் நடந்த ஒரே பெரிய விஷயம் அதுதான். தனக்குத் தலை வணங்கிய ஒருவன் இப்படி ஊர் சிரிக்க அழுது வைப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.

பெரில் பிறந்தது மீன் துறைக்குப் பின்னால் இருக்கும் சந்தில். பதினைந்து வயதில் பள்ளியை விட்டாள். பத்தொன்பதில் பஸ் ஓட்டிய கிளிஃபைக் கட்டிக்கொண்டாள். இருபத்துமூன்றில் பள்ளிச் சமையலறைக்குள் நுழைந்தவள் முப்பத்தொரு வருடம் அங்கேயே நின்றாள். மத்தியானம் முந்நூறு பிள்ளைகள். இறைச்சிக் குழம்பு, வேகவைத்த முட்டைக்கோசு, மேலே கஸ்டர்ட் ஊற்றிய கேக். கிளிஃப் நெஞ்சு நோயில் போனார். ஒரே மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள்.

வாய் மட்டும் தீட்டிய கத்தி. மார்கரின் தடவுகிறவர்கள், கோப்பையில் பாலை முதலில் ஊற்றுகிறவர்கள், கிதார் வாசிக்கும் புதுப் பாதிரியார், வெயில் அடித்தால் 'ஸ்ஸ்' என்கிறவர்கள் என்று அவளுடைய இளக்காரத்துக்கு ஆளாகாதவர்கள் ஊரில் குறைவு. பிள்ளைகளும் அவளைக் கண்டு நடுங்குவார்கள். ஆனால் அவளிடம் ஒரு விநோதமான பழக்கம் இருந்தது. சில பிள்ளைகள் தட்டை நீட்டும்போது மட்டும் கரண்டியை உயர்த்த மாட்டாள். தட்டுக்குப் பக்கத்திலேயே தாழ்வாகக் கொண்டுபோய் மெதுவாகக் கவிழ்ப்பாள். அந்தத் தட்டில் கஸ்டர்ட் ஒரு கரண்டி கூடவே விழும். கூட வேலை பார்த்த கிளெனிஸ் ஒருதரம் ஏன் என்று கேட்டாள். "சில புள்ளைங்க குனியும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஜனவரியில் கடல் ஊருக்குள் வந்தது. கீழ்த்தெரு முழுக்க இடுப்பளவு தண்ணீர். ஜனங்களைத் தேவாலயக் கூடத்தில் தங்கவைத்தார்கள், சமையலுக்குப் பெரிலையும் கிளெனிஸையும் கூப்பிட்டார்கள். இரண்டாவது வாரம், இளவரசர் வருகிறார் என்றார்கள். வெள்ளத்தில் வீடு இழந்தவர்களுக்குப் போர்வை வருவதற்கு முன்பாகவே, அவர்களுக்கு மரியாதை கற்றுக்கொடுக்க மாவட்ட அலுவலகத்திலிருந்து முத்துமாலை போட்ட ஓர் அம்மாள் வந்து இறங்கினாள். வலது காலைப் பின்னால் வைத்து முழங்காலை மடக்க வேண்டும். அவர் பேசினால்தான் பேச வேண்டும். முதல் வார்த்தை 'மேன்மை தங்கிய இளவரசே', அதற்குப் பிறகு 'சார்'. பெரில் இரண்டு நாள் குளிர்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கிப் பழகினாள்.

அன்றைக்கு நடந்ததை அவள் வாயால் நூறு தடவையாவது ஊர் கேட்டிருக்கிறது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே பரிமாறுகிற ஜன்னல் ஒன்று, மேலே சுருட்டி ஏற்றும் மரக் கதவு. உள்ளே பெரில், கையில் பெரிய தேநீர்க் கேத்தல். வெளியே இளவரசர், இருபத்திரண்டு வயது, வெளிறிப்போன முகம். "'மேன்மை தங்கிய இளவரசே, தேநீர் அருந்துகிறீர்களா?'ன்னு கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாரு. அப்படியே தலையைக் குனிஞ்சாரு. வெள்ளத்துல ஊருக்குச் சோறு போட்ட கைக்கு அரச குடும்பமே குனிஞ்சுது டக்கு."

அந்த நொடியில் ஒருவன் படம் எடுத்துவிட்டான். மறுநாள் நாட்டில் உள்ள பத்திரிகை எல்லாவற்றிலும் அதுதான் முதல் பக்கம்: சமையல்காரிக்குத் தலை வணங்கிய இளவரசர். படத்தின் இடது ஓரத்தில் சாண்ட்விச் தட்டோடு ஒரு முழங்கை மட்டும் தெரியும். அது கிளெனிஸ்.

அதற்குப் பிறகு பெரிலைப் பிடிக்க முடியவில்லை. படம் சட்டம் போட்டு அவள் வீட்டு முன்னறையில் ஒன்று, நங்கூரம் மதுக்கடையில் ஒன்று, தேவாலயக் கூடத்தில் ஒன்று தொங்கியது. கோடைக் கண்காட்சியில் கேக் போட்டிக்கு வருடா வருடம் அவளே நடுவர். கடையில் வாங்கிய ஜாம் வைத்த கேக்கை மோந்து பார்த்தே விலக்கிவிடுவாள். பதினோரு ஊர்ப் பெண்கள் சங்கங்களில் 'இளவரசர் குனிந்த நாள்' என்று பேசியிருக்கிறாள். பஸ்ஸில் முதல் இருக்கை அவளுக்கு. மீன் சந்துப் பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்?

நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை, நல்ல மழை. கடையில் ஈ காக்கை இல்லை. உடை மாற்றும் திரைக்குப் பின்னால் கிளெனிஸ் அரைமணி நேரமாகச் சத்தமே இல்லாமல் இருந்தாள். பெரில் திரையை விலக்கினாள். கிளெனிஸ் கையும் களவுமாக உட்கார்ந்திருந்தாள், மடியில் லயனல்.

"வெக்கமா இல்ல உனக்கு?"

"பெரில், இப்படி உக்காரு."

"அந்தக் குப்பையைத் தூக்கிப் போடுடி மொதல்ல."

"உக்காருன்னு சொல்றேன்ல. இதுல நீ இருக்க."

பெரில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்ததை கிளெனிஸ் பார்த்தாள், பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். பிறகு இருநூற்று அறுபத்தெட்டாம் பக்கத்தை வாசித்தாள்.

'வெள்ளத்துக்குப் பிறகு கிழக்குக் கரையில் ஓர் ஊருக்கு என்னை அனுப்பினார்கள். ஊரின் பெயர் நினைவில்லை. ஈர நாய்போல் நாறிய கூடம். பரிமாறும் ஜன்னலுக்குள்ளிருந்து பருமனான சமையல்காரி ஒருத்தி பெரிய கேத்தலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, தலையைக் குனி என்று கத்தினாள். குனிந்தேன். மேலே ஏதோ விழப்போகிறது என்று நினைத்தேன். எதுவும் விழவில்லை. மறுநாள், நான் அவளுக்குத் தலை வணங்கியதாகச் செய்தி வந்தது. மறுக்க வேண்டாம் என்றார்கள், மறுக்கவில்லை. அந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லோரையும் வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.'

டக் என்றால் வாத்து. டக் என்றால் குனி என்றும் பொருள். பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எங்கள் ஊரில் அந்த இரண்டாவது பொருள் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. உத்தரத்தில் தலை இடிக்கப் போகிறவனிடம்கூட நாங்கள் 'தலை பாத்து, டக்கு!' என்றுதான் கத்துவோம்.

"பொய்," என்றாள் பெரில்.

"பெரில்."

"அண்டப் புளுகு. பருமனாம்! நான் அப்ப அறுபது கிலோ."

"நீ கேட்டது 'டீ வேணுமா டக்கு'ன்னுதானே?" கிளெனிஸ் மெதுவாகச் சொன்னாள். "நான் பக்கத்துலதானே நின்னேன். மேன்மையும் இல்ல, தங்கவும் இல்ல."

பெரிலுக்குக் காது வரை சிவந்தது. "பத்தொம்பது வருஷமா வாயே திறக்கலையே நீ."

"திறந்து என்ன கிடைக்கப்போவுது? என் முழங்கையாவது பேப்பர்ல வந்துச்சு."

பெரில் புத்தகத்தைப் பிடுங்கித் தலைகீழாகத் தட்டில் குத்தினாள். அடுத்த பக்கத்தைப் படிக்க கிளெனிஸுக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? 'நான் படிக்கலை' என்று சத்தியம் செய்த அத்தனை பேரும் திங்கட்கிழமைக்குள் அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். நேரில் பார்த்தால் கன்னத்தில் கை வைத்து அனுதாபம், முதுகைத் திருப்பினால் கொண்டாட்டம். கேக் போட்டியில் தோற்ற பெண்கள் பத்தொன்பது வருடப் பழியை ஒரே வாரத்தில் தீர்த்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பெரில் கசாப்புக் கடைக்குப் போனாள். மவுல்சனும் அவரோடு அரட்டை அடிக்கும் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். எல்லாம் அறுபது வயதைத் தாண்டிய கனவான்கள்.

"வாங்க டக்கு!" என்றார் மவுல்சன். சொன்ன உடனே நாலு பேரும் ஒன்றாகத் தலையைக் குனிந்தார்கள். ஒருவன் கல்லா மேசைக்கு அடியிலேயே போய்விட்டான். பிறகு நிமிர்ந்து, முகம் கோணச் சிரித்தார்கள்.

பெரில் எதுவும் வாங்காமல் வெளியே வந்தாள். பஸ் நிறுத்தம் வரை அவர்கள் சத்தம் கேட்டது. மீன் சந்துக்காரி என்று பள்ளியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு ஐம்பத்தாறு வருடம் கழித்துத் திரும்பி வந்துவிட்டது.

அன்று மாலை கவுன்சிலர் டெஸ்மண்ட் ரேத்பி அவள் வீட்டுக்கு வந்தார். ஊரில் எது நடந்தாலும் கோட்டு மாட்டிக்கொண்டு முன்னால் நிற்கிற ஆள். சவ ஊர்வலமாக இருந்தால் தானே சவமாக இருக்கக் கூடாதா என்று ஏங்குகிற ரகம்.

"இது உங்க மானம் மட்டும் இல்ல பெரில், ஊரோட மானம். பேருகூட ஞாபகம் இல்லையாமே! ஈர நாய் மாதிரி நாத்தமாமே!"

"நாறத்தானே செஞ்சுது டெஸ்மண்ட்? வெள்ளம் வடிஞ்சு ரெண்டு வாரம்."

"அது வேற விஷயம். நாளைக்கு லண்டன் பேப்பர்லேர்ந்து நிருபர் வர்றாரு. அதே கூடம், அதே ஜன்னல். நீங்க உள்ள நின்னுக்கிட்டு, அவரு பொய் சொல்றாரு, என் நெஞ்சே ஒடைஞ்சுபோச்சுன்னு சொன்னா போதும். ஒரு சொட்டுக் கண்ணீரும் வந்தா இன்னும் நல்லது."

"எனக்குக் கண்ணீர் வராது."

"வெங்காயம் கொண்டாரச் சொல்றேன்," என்றார் டெஸ்மண்ட். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பெரில் சம்மதித்தாள். ஏன் சம்மதிக்க மாட்டாள்? அவன் பொய்யன் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் நாடே நம்பத் தயாராக இருந்தது. படம் சுவரிலேயே இருக்கும், பஸ்ஸில் முதல் இருக்கை இருக்கும், மவுல்சன் வாயை மூடுவார். அந்தப் பயல் புத்தகம் எழுதிப் பணத்தை அள்ளிக் கட்டியாயிற்று, அவனுக்கு ஒரு பழி கூடினால் என்ன குறைந்துவிடும்? இப்படியெல்லாம் நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டாள். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்று, நிருபரிடம் எடுத்துக்காட்ட இன்னும் நாலு பொய் அதில் கிடைக்குமா என்று பார்ப்பதற்காக, தன்னிடம் இருந்த சாவியால் கடையைத் திறந்து ஒரு லயனலை ரொட்டிக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். பிளம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பக்கத்தில். படிக்கப் படிக்க அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. அரண்மனையில் குளிர் தாங்கவில்லையாம். இவள் சந்தில் மட்டும் அடுப்பு எரிந்ததா? சமையல்காரர் முட்டையைச் சரியாக வேகவைக்கவில்லையாம். பல் கட்டிய கதை பதினேழு பக்கம். "உன் பல்லைப் பத்தி எனக்கென்ன டக்கு," என்று புத்தகத்தைப் பார்த்தே திட்டினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரி, இந்த நுணல் நானூறு பக்கம் கத்தியல்லவா கெட்டிருக்கிறது!

இருநூற்று அறுபத்தெட்டுக்கு வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி படித்தாள். பக்கத்தைத் திருப்பினாள்.

'குனிவது எனக்குப் பழக்கம். சிறுவயதில் தந்தை கையில் அகப்பட்டதை எறிவார். மைக்கூடு, பூட்ஸ், ஒருமுறை மெழுகுவர்த்தித் தண்டு. அண்ணன்தான் குனி என்று கத்துவான். அந்தச் சொல் காதில் விழுந்தால் இன்றைக்கும் என் கழுத்து என்னைக் கேட்காது. அன்று நிமிர்ந்து பார்த்தபோது அந்தச் சமையல்காரி ஒரு கோப்பையை, மிகவும் தாழ்வாக, மேசையோடு மேசையாக என் பக்கம் நகர்த்தினாள். தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டிருந்தாள். நான் கேட்கவில்லை.'

பெரில் புத்தகத்தை மூடவில்லை. எழுந்து முன்னறைக்குப் போய்ச் சுவரில் இருந்த படத்தின் முன்னால் நின்றாள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. கண் இறுக மூடியிருந்தது. வலது கை பாதி உயர்ந்து முகத்துக்கு முன்னால் நின்றது. வணங்குகிறவன் எவன் கையைத் தூக்கிக் கன்னத்தை மறைப்பான்?

இதைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முப்பத்தொரு வருடம் கரண்டி பிடித்தவள் அவள். எந்தப் பிள்ளை வீட்டில் அடி வாங்குகிறது என்று வாத்தியாருக்குத் தெரிவதற்கு முன்னால் பெரிலுக்குத் தெரியும். கரண்டி உயர்ந்தால் தோள் ஏறும், கழுத்து உள்ளே போகும். அன்றைக்கு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அந்தக் கழுத்தைப் பார்த்த உடனே அவள் கை தானாகத் தாழ்ந்தது, சர்க்கரை தானாக மூன்று கரண்டி விழுந்தது. அது வணக்கம் இல்லை என்று அந்த நொடியிலேயே அவளுக்குத் தெரியும். மறுநாள் பத்திரிகை வணக்கம் என்றது. அவளும் ஆமாம் என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றைத்தான் பதினோரு ஊருக்குப் பரிமாறினாள்.

"சீ," என்றாள் பெரில். அந்த 'சீ' இளவரசருக்கு இல்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவளுடைய இளக்காரம் அவள் வீட்டுக்குள்ளேயே திரும்பியது, அது சுட்டது.

பதினொரு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. கேக்கில் தோற்றவர்கள் முன் வரிசையில். மவுல்சன் கடையைச் சாத்திவிட்டே வந்திருந்தார். கூர்மூக்குச் செருப்பு போட்ட இளம் நிருபர் பெரிலை ஜன்னலுக்குள் நிற்கவைத்து, கையில் அதே மாதிரி ஒரு கேத்தலைக் கொடுத்தான். டெஸ்மண்ட் நிஜமாகவே வெங்காயம் கொண்டுவந்திருந்தார். தோல்கூட உரித்துவைத்திருந்தார்.

"சொல்லுங்கம்மா," என்றான் நிருபர் உருகிய குரலில். "இந்தப் பொய்யைப் படிச்சப்ப உங்க மனசு என்ன பாடுபட்டிருக்கும்?"

பெரில் கேத்தலைக் கீழே வைத்தாள்.

"பொய் இல்ல டக்கு. நான் 'டீ வேணுமா டக்கு'ன்னு கேட்டேன். அந்தப் புள்ள குனிஞ்சான். மேன்மை தங்கியன்னு எல்லாம் நான் சொல்லவே இல்ல. அதெல்லாம் நானா கட்டிவிட்டது."

டெஸ்மண்ட் இருமினார். "பெரிலுக்கு ஒடம்பு சரியில்ல, வயசாச்சு..."

"எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு டெஸ்மண்ட், வெங்காயத்தை அந்தாண்ட வையி." நிருபரைப் பார்த்தாள். "அது வணக்கம் இல்ல. அடி வாங்கின புள்ள அப்படித்தான் குனியும். எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் சட்டம் போட்டு மாட்டினேன் பாரு, அதை எழுதிக்க."

நிருபர் எழுதவில்லை. பேனா மூடியைக் கடித்தான். "ஆனா உங்களுக்கு அவர்மேல கோவம் இருக்கும் இல்லையா? உங்களைப் பருமன்னு..."

"நானூத்திப் பன்னெண்டு பக்கத்துல ஒரு பக்கம் உண்மை சொல்லியிருக்கான். மீதியெல்லாம் பல்லு வலி. இந்த ஊருல அந்த ஒரு பக்கம்கூட யாருகிட்டயும் தேறாது, நான் உட்பட. போதுமா?"

போதவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பெரில் சொன்னது ஒரு எழுத்துகூட வரவில்லை. பழைய படத்தைப் பாதிப் பக்கத்துக்குப் போட்டு, ஊரே கொதிக்கிறது என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் டெஸ்மண்ட் கோட்டோடு நின்றார். அழுத கண்ணாகத்தான் இருந்தது. உரித்த வெங்காயம் வீணாகவில்லை.

பெரில் முன்னறைப் படத்தைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனாள். கிளெனிஸ் கையில் கொடுத்தாள்.

"இதை என்ன பண்ண?"

"உன் முழங்கை இருக்குல்ல, வெச்சுக்க. இந்தப் படத்துல நெசமா நடந்தது அது ஒண்ணுதான்."

பிறகு கதைத் தட்டுக்குப் போய், வீட்டுக்குக் கொண்டுபோனதையும் சேர்த்து ஒன்பது லயனல்களையும் வாரி எடுத்து, சுயசரிதைகளுக்கான தட்டில் தலை நேராக வைத்தாள். ஒரு பழைய கால்பந்துக்காரருக்கும் ஒரு சமையல் நிபுணருக்கும் நடுவே அவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். சிரிப்பு அவளுக்கு அப்போதும் பிடிக்கவில்லை. "சட்டைப் பொத்தானைப் போடேண்டா," என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை கசாப்புக் கடைக்குப் போனாள். அதே நாலு பேர். மவுல்சனுக்குப் புதன்கிழமை நடந்தது எதுவும் உறைக்கவில்லை. உறைக்கிற தோலும் இல்லை.

"வாங்க டக்கு!" என்றார். நாலு தலையும் சேர்ந்து குனிந்தது. ஒருவன் மேசைக்கு அடியில் போனான். எழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பெரில் அவர்கள் சிரித்து முடியும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு ஒவ்வொருவர் முகத்தையும், ஒருகாலத்தில் தட்டு நீட்டிய பிள்ளைகளைப் பார்த்ததுபோல், வரிசையாகப் பார்த்தாள்.

"நல்லா குனியிறீங்கடா," என்றாள். "உங்களை யாரும் ஒருநாளும் அடிச்சதில்லன்னு நல்லாவே தெரியுது. அடி வாங்கினவன் சிரிச்சுக்கிட்டுக் குனிய மாட்டான்."

மூன்று பேர் வாயில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மேசைக்கு அடியில் போய் எழுந்தவன் மட்டும் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். அவனும் ஒருகாலத்தில் மீன் சந்துக்காரன்தான். அவன் அப்பனின் பெல்ட் சத்தம் சந்து முழுக்கக் கேட்கும். பெரிலுக்கு அது அப்போதுதான் நினைவு வந்தது, கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் சொன்னதை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"கால் கிலோ பன்றிக் கறி வெட்டு மவுல்சன், மெல்லிசா," என்றாள். மவுல்சன் மெல்லிசாகவே வெட்டினார்.